பழைய சிஸ்டத்து ஃபோல்டர்

காலையில் நாற்பத்தொரு ஜீபீயாக இருந்த ஃபோல்டர், பகல் பன்னிரண்டரைக்கு நாற்பத்துமூன்று ஆகியிருந்தது. சபூறா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பழைய சிஸ்டத்தின் கோப்புகள் என்றால் செத்த கோப்புகள். அவை எப்படிக் கூடும்?

நேற்றுத்தான் மச்சினன் பஹ்மி, தன் அண்ணனும் அவளுடைய கணவருமான பஸாலின் லெப்டொப்பை வாங்கிப்போய்ப் புது சிஸ்டம் போட்டுக் கொடுத்தான். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில் அவள் இருந்தாள். அதனால் அவன் உள்ளே வரவில்லை. திரைச்சேலைக்கு அப்பால் நின்றே கதைத்தான்.

"மதினி, காக்காட பழைய சிஸ்டம் ஒரு ஃபோல்டருக்குள்ள அப்படியே கெடக்கு. அதாலதான் இடம் முட்டி இரிக்கி. அழிச்சிட்டா சுகமா ஓடும்."

"அவர்ர குரலும் அதுக்குள்ளயா?"

"ஓம், பாடம் எடுத்ததெல்லாம் அதுக்குள்ளதான். நான் தொறந்து பாக்கல்ல. நீங்களே பாத்துச் செய்ங்க."

கொரோனாக் காலத்தில் பிள்ளைகளுக்காகப் பஸால் மாஸ்டர் பதிந்த விஞ்ஞான பாடங்கள். அவர் குரலில் அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அதை இழக்க அவளுக்கு மனமே இல்லை. நாளையோடு இத்தாவும் முடிகிறது.

ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்களெல்லாம் போய்விட்டார்கள். கடை ஷட்டர்கள் இழுபட்டு, ஓட்டோச் சத்தம் ஓய்ந்து, கல்முனைக்குடித் தெருவே வெறிச்சோடிக் கிடக்க, பள்ளிவாசலில் ஓதும் குத்பாவின் ஒலி கடற்காற்றில் வருவதும் அறுவதுமாக இருந்தது. அடுப்பிலிருந்து வரும் மீன் ஆணத்தின் வாசம் தவிர நான்கு மாதமாக அந்த அறையில் வேறு வாசம் இல்லை. இத்தாவில் அத்தர் பூசுவதில்லை.

ஃபோல்டரைத் திறந்தாள். பாடங்கள் இருந்தன. ஒன்றைத் தட்டினாள். "பிள்ளைகள், விளங்குதா?" என்றார் அவர். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கீழே இன்னும் பதிவுகள் இருந்தன. நாளுக்கு ஒன்று. பெயரில்லை, திகதி மட்டும். முதலாவது, அவருடைய ஜனாசாவை அடக்கத்துக்கு எடுத்த நாள். அன்றிலிருந்து நேற்றுவரை லெப்டொப் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி அவளிடம்தான் இருந்தது.

தட்டினாள்.

பொத்தென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. அவள் கேட்டறியாத சத்தம் அது. ஆனாலும் விளங்கியது. பலகைமேல் பிடி பிடியாக மண். மேலே நின்று கேட்டதல்ல. கீழே கிடந்து கேட்டது.

இரண்டாம் மாதத்துப் பதிவில் கடல் இரைந்தது. மணலில் கால் இழுபட்டது. போன கிழமைப் பதிவில் வாசல் கேற்றின் கொண்டி. தூக்கி, விட்டு, மறுபடி தூக்கும் அவருடைய பழக்கம். நேற்றையதில் தஸ்பீஹ் மணிகள் உருண்டன. ஒரு பெண் முணுமுணுத்து ஓதினாள்.

அது அவளுடைய குரல். மிகக் கிட்டத்தில்.

பாடங்களை மட்டும் வெளியே எடுக்கப் பார்த்தாள். லெப்டொப் இடமில்லை என்றது. நாற்பத்துநான்கு ஜீபீ. அது பெருத்துக்கொண்டே இருந்தது. ஓடலாமா? நான்கு மாதமாக வாசற்படி தாண்டாத கால். எழும்ப மறுத்தது.

"என்ன மன்னிச்சிருங்க," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே முழு ஃபோல்டரையும் அழிக்கக் கொடுத்தாள்.

பாடங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒளி. அமிலம். காந்தம். அவர் குரல் முழுவதும் போனது. தொண்ணூற்றொன்பது வீதத்தில் நின்றது. திரையில் ஓர் அறிவித்தல்.

இந்தக் கோப்பு இப்போது பாவனையில் உள்ளது.

ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. இன்றைய திகதி. தானாகவே திறந்தது. ஒலியின் பச்சைக் கோடு துடித்துத் துடித்து நகர்ந்தது. அது இன்னும் பதிவாகிக்கொண்டிருந்தது.

எட்டி ஃபேனை நிறுத்தினாள். கோடு தாழ்ந்தது. குத்பாவின் ஒலியும் அறுந்தது. இன்னும் தாழ்ந்தது. வாயைப் பொத்தி மூச்சைப் பிடித்தாள்.

கோடு படுத்துவிட்டது.

அறையில் கற்பூரம் மணத்தது. அவருடைய கபன் துணிக்கு இட்ட கற்பூரம்.

அவள் மூச்சு விடவில்லை. கோடு மெல்ல எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.