பூட்டு கழன்ற பாட்டு

மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி ஓடவேண்டிய பாட்டு, மாற்றி முடித்தபோது மூன்று நிமிடம் இருபத்து மூன்று நொடியாக வந்து நின்றது.

ரௌனோ திரையைப் பார்த்து உதட்டைச் சுழித்தான். பதினொரு நொடி எங்கிருந்து வந்தது? வடதுருவத்தை ஒட்டிய ஔலு நகர வானொலியில் இருபத்தாறு வருடம் ஒலிப்பதிவு பார்த்தவன் அவன். நிலையத்தை மூடி வீட்டுக்கு அனுப்பிய பிறகு, இந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் யாருடைய கணினிப் பெட்டி மக்கர் செய்தாலும் நான்காம் மாடிக்கு அவனிடம்தான் தூக்கி வந்தார்கள். அவனும் மறுக்காமல் செய்து கொடுத்தான். தாங்களே விலை கொடுத்து வாங்கிய பாட்டைத் திறக்கத் தெரியாமல் வாசலில் வந்து விழிப்பவர்களின் முகத்தைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு ருசி இருந்தது.

இந்த மடிக்கணினி முந்தைய நாள் மதியம் வந்தது. இரண்டாம் மாடி ஹில்க்கா, குளியல் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றாள்.

“வெய்யோவோடது,” என்றாள், கணவரின் பெயரைச் சொல்லி.

“உள்ள என்ன இருக்கு?”

“டாங்கோ. ஜோடி சேர்ந்து ஆடற பாட்டு, இருநூறு இருக்கும். அப்புறம் ஆடக் கத்துக்குடுக்கிற படம் கொஞ்சம். எல்லாம் இன்டர்நெட்ல வாங்கினது. இப்ப எதுவுமே திறக்கமாட்டேங்குது. வாங்கினவர் யாருன்னு கேக்குது.”

“வாங்கினவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே.”

“ஏப்ரல்லயே போயிட்டார். இந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லலை போல.”

ரௌனோ சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி விளக்கினான். விற்ற கடையை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பூட்டு இருக்கிறது. அது வெய்யோவின் பெயருக்கு மட்டும், இந்தப் பெட்டியில் மட்டும் திறக்கும்.

“அப்போ பூட்டை உடைப்பீங்களா?”

“உடைக்கிறதெல்லாம் பொடிப்பசங்க வேலை, அம்மா. நான் வெச்சிருக்கிற ப்ரோக்ராம் பாட்டை அதும்பாட்டுக்குப் பாடவிடும். பாடப் பாடப் பக்கத்துல உக்காந்து புதுசா எழுதிக்கும். பூட்டு பூட்டினபடியே இருக்கும். உள்ள இருக்கிறது மட்டும் வெளிய வந்துடும்.”

“வெளிய வந்துடும்,” என்றாள் ஹில்க்கா. ஒரு பொருளின் எடையைக் கையில் தூக்கிப் பார்ப்பதுபோல அதைச் சொன்னாள்.

“உங்களுக்கு டாங்கோ பிடிக்குமா?”

“பிடிக்காது. மகள் கேக்கறா.”

அவள் இறங்கிப் போனதும் ரௌனோ பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். அடியில் கிழவன் கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தான். எட்டு மாதமாக ஒருத்திக்கு அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. ரௌனோ வாய்விட்டுச் சிரித்தான். எழுத்துகளைத் தட்டியதும் ‘வருக, வெய்யோ’ என்றது திரை. பட்டியல் விரிந்தது. நிலா, ஏரி, கைவிட்டுப்போன காதலி, மறுபடியும் நிலா. முன்பு ஒரு இலையுதிர் காலத்தில் குடியிருப்புக்காரர்கள் கூடி முற்றம் கூட்டியபோது, வெய்யோ துணி துவைக்கும் அறையில் தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு ஆடுவதை ரௌனோ துடைப்பத்தை அணைத்து ஆடிக் காட்டியிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். வெய்யோவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் ரௌனோவுக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. அவமானப்படக்கூடத் தெரியாத மனிதன்.

பட்டியலைப் படம் பிடித்து, தன்னைப் போன்ற ஒலிக்காரர்கள் கூடும் இணைய அரங்கில் போட்டான். ‘ஒரு பிணத்தின் ரசனை’ என்று தலைப்பு வைத்தான். படுக்கப் போவதற்குள் நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

இன்று மதியம் வேலையைத் தொடங்கினான். முதல் பாட்டே பதினொரு நொடி கூடிப்போயிருந்தது.

மணி இரண்டு. டிசம்பர் மாதத்தின் வெளிச்சம் என்ற பெயரில் ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த சாம்பல் நிறமும் வடியத் தொடங்கியது. எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் நட்சத்திர விளக்குகள் ஒன்றிரண்டாக ஏற்றப்பட்டன. யாரோ மாடிப்படியில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்க்கும் சத்தமும், எங்கோ காபி கொதிக்கும் வாசனையும் கதவிடுக்கு வழியாக வந்தன. ரௌனோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டின் முடிவுக்குத் தள்ளினான். அக்கார்டியன் கடைசி இழுப்பை இழுத்து ஓய்ந்தது. பிறகு வரவேண்டியது சுத்தமான மௌனம். வந்தது அதுவல்ல, ஒரு அறை.

அறைக்கென்று ஒரு ஓசை உண்டு, யாரும் பேசாவிட்டாலும். ரௌனோவுக்கு அது முகம்போலத் தெரியும். இது ஒலிப்பதிவுக் கூடம் இல்லை. தாழ்ந்த கூரை, மரத்தரை, சுவரோரம் டிக் டிக்கென்னும் வெப்பக் குழாய். அந்தத் தரையில் காலுறை அணிந்த கால்கள் நகர்ந்தன. இரண்டு மெதுவாக, இரண்டு விரைவாக, ஒன்று மெதுவாக. பிறகு ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தார். பேசப் போகிறவர் இழுப்பதைப்போல. அங்கே பதிவு அறுந்தது.

“குப்பை ப்ரோக்ராம்,” என்றான் ரௌனோ.

அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினான். அதே பாட்டை ஓடவிட்டான். மூன்று நிமிடம் நாற்பத்தொரு நொடி வந்தது. கால்கள் இப்போது அதிக நேரம் நகர்ந்தன. ஒலிவாங்கி எங்கோ திறந்திருக்கிறது, வேறென்ன. அமைப்பில் போய் அணைத்தான். அதுவும் போதாமல் திருகுளியால் மேல்மூடியைக் கழற்றி, அரிசி மணியளவு இருந்த ஒலிவாங்கியைக் கம்பியோடு பிடுங்கி மேசைமேல் வைத்தான். இனி இந்தப் பெட்டிக்குக் காது கிடையாது.

அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே பனி அள்ளும் வண்டி வந்தது. அதன் தகடு சாலையைச் சுரண்டியதில் ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. பின்னால் நகரும்போது மூன்று முறை ஊதிவிட்டுப் போனது.

பாட்டு முடிந்த பிறகு ஹெட்போனில் கேட்டான். மரத்தரை. கால்கள். அவற்றுக்குப் பின்னால், சன்னமாக, தகடு சுரண்டும் ஓசை. மூன்று ஊதல்.

ரௌனோ ஹெட்போனைக் கழற்றினான். வெப்பக் குழாய் டிக் என்றது. சற்று விட்டு மீண்டும் டிக். ஒரு மணி நேரமாகப் பதிவில் கேட்டுக்கொண்டிருந்த அதே டிக். அந்த அறை இதுதான்.

எழுந்து போய்விடத்தான் தோன்றியது. ஆனால் எங்கே போவது, யாரிடம் என்ன சொல்வது? இரண்டாம் மாடிக் கிழவியிடமா? கீழ்வீட்டுத் தபால்காரனிடமா? இந்தக் கட்டடத்து முட்டாள்களுக்கு முன்னால் ரௌனோ ஒரு பெட்டிக்குப் பயந்து நிற்பதா? எலும்புக்குள் ஏறிக்கொண்டிருந்த குளிரை அவன் எரிச்சல் என்று எடுத்துக்கொண்டான். பாட்டுகளை அப்படியே விட்டுவிட்டு, ஆட்டப் பாடங்களில் ஒன்றை மாற்றப் போட்டான். படத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. பிழை எதுவானாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மூலப் படத்தில் ஓர் ஆணும் பெண்ணும் இருந்தார்கள். வெளிர் நிறக் கூடம். அந்த ஆள் எண்ணிச் சொல்லச் சொல்ல, பச்சைப் பாவாடைக்காரி பின்னால் அடிவைத்துப் போனாள். காணச் சகிக்காத பாடம். மாற்றிய கோப்பைத் திறந்தான்.

அந்தப் பெண் இல்லை.

கூடம் இருந்தது, பாட்டு இருந்தது, அந்த ஆளும் இருந்தான். இடது கையை உயர்த்தி, வலது கையைக் காற்றில் யாரோ ஒருத்தியின் முதுகில் வைத்ததுபோல வளைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவனுடைய அணைப்புக்குள் ஒரு ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

“நிறம் பிரிஞ்சுபோச்சு,” என்று ரௌனோ உரக்கச் சொன்னான். “பச்சையை மட்டும் விட்டுடுச்சு. அவ்வளவுதான்.”

குரல் அவனுக்கே சரியாகப் படவில்லை. இரண்டாவது பாடத்தைப் போட்டான். அதில் ஆணும் இல்லை. வெறும் கூடம், பளபளக்கும் தரை. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் இல்லாத தரையில் கால்கள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு மெதுவாக, இரண்டு விரைவாக. ரௌனோ படத்தை நிறுத்தினான்.

பாட்டு நின்றது.

கால்கள் நிற்கவில்லை.

மின்கம்பியைப் பிடுங்கினான். மின்கலத்தை உருவினான். திரை செத்தது. நடைவழியில், கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே இருட்டாக இருந்த இடத்தில், காலுறை தரையில் உரசியது. ஒன்று மெதுவாக. நின்றது. ஈரக் கம்பளி வாசனை வந்தது. கூடவே மரத்தாரில் செய்த சோப்பின் வாசனை. ரௌனோ அந்தச் சோப்பை வாங்கியதே இல்லை.

தொலைபேசியை எடுத்து இரண்டாம் மாடிக்கு அடித்தான். ஹில்க்கா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

“உங்க வீட்டுக்காரர் பெட்டியை எடுத்துட்டுப் போங்க,” என்றான். “உடனே வாங்க.”

“எத்தனை பாட்டு ஆச்சு?”

“அதெல்லாம் எதுக்கு? வந்து எடுத்துட்டுப் போங்க.”

“குரல் ஒரு மாதிரி இருக்கே, ரௌனோ.” பின்னால் அவள் கரண்டியால் கோப்பையைக் கலக்கும் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத சத்தம். “வந்துட்டாரா?”

ரௌனோ நடைவழி இருட்டையே பார்த்தான்.

“பயப்படாதீங்க. கெட்டவர் இல்ல. ரெண்டு பாட்டுக்கு நடுவுல வந்து முன்னாடி நின்னு கை நீட்டுவார், அவ்வளவுதான். உயிரோட இருந்தப்பவும் அதேதான், போனப்புறமும் அதேதான். எட்டு மாசமா என் சமையலறையில தினம் வந்து நின்னார். பூட்டு இருந்ததால பாட்டு இல்ல. பாட்டு இல்லாததால சும்மா நின்னார்.”

“மகள் கேக்கறான்னு சொன்னீங்க.”

“எனக்கு மகள் கிடையாது.” அவள் ஒரு மிடறு குடித்தாள். “ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வெச்சுக்கணும். எழுந்திரிக்கக் கூடாது. நாற்பத்தொரு வருஷம் நான் உக்காந்தே இருந்தேன். எவ்வளவு நேரம் நின்னாலும் உக்காந்தே இருக்கணும். எழுந்துட்டா சம்மதம்னு எடுத்துக்குவார். ஆசை அப்படி, பாவம்.” கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “நீங்க உக்காந்துதானே பேசறீங்க?”

ரௌனோ நின்றுகொண்டிருந்தான்.

நாற்காலி ஓரடி தள்ளி இருந்தது. அதை நோக்கித் திரும்பினான். முழங்கால் மடியத் தொடங்கியது.

முதுகில் ஒரு கை பதிந்தது.

தோள்பட்டைக்குக் கீழே. மெதுவாக. மரியாதையாக. விரல்கள் விரிந்து, சேர்ந்து, அழுத்தின. அந்த அழுத்தத்தில் உட்கார முடியவில்லை. நெஞ்சுக்கு எதிரே காற்று கெட்டியாகி அவனைத் தொட்டது. தொலைபேசி தரையில் விழுந்தது. காலியான கையை ஏதோ பிடித்து உயர்த்தியது. உள்ளங்கைக்குள் உலர்ந்த ஓர் உள்ளங்கை.

மூச்சு. காதுக்குப் பக்கத்தில். உள்ளே இழுத்த மூச்சு.

செத்துக் கிடந்த பெட்டியில் அக்கார்டியன் தொடங்கியது.

வலது கால் பின்னால் போனது. அவன் வைக்கவில்லை. அது போனது. பிறகு இடது. இரண்டு மெதுவாக. இரண்டு விரைவாக. மேசை ஓரம் இடுப்பில் இடித்தது. வழிநடத்திய கை அவனைத் திருப்பியது. ஜன்னல். நட்சத்திர விளக்குகள். புத்தக அலமாரி. மறுபடி ஜன்னல். கத்த நினைத்தான். நெஞ்சு அவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருந்ததில் பாட்டுக்கு ஏற்ற அளவு மூச்சு மட்டுமே கிடைத்தது. ஒரு பாட்டு முடிந்தது. இடையில் பதினொரு நொடி. அந்தப் பதினொரு நொடியிலும் பிடி தளரவில்லை. அடுத்தது தொடங்கியது. இருநூறு இருக்கும் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. காலுறை கிழிந்து குதிகால் ஈரமானது. பின்னால் பார்க்க முடியவில்லை. தரையில் கோடாக ஏதோ இழுபட்டது. கறுப்பாக.

படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு படியாக, மூச்சு வாங்கி நின்று, ஏறி வந்தது. கதவுக்கு வெளியே நின்றது. மணி அடிக்கவில்லை.

ஆட்டம் அவனைக் கதவுப் பக்கம் திருப்பியபோது, தபால் போடும் துவாரத்தின் தகடு உயர்ந்தது. மாடிப்படி வெளிச்சத்தில் இரண்டு கண்கள். ஹில்க்கா குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். ரௌனோ கண்களால் கெஞ்சினான். பிடி அவனைத் திருப்பியது. சுவர். ஜன்னல். மறுபடி கதவு. கண்கள் அங்கேயே இருந்தன. மனிதர்கள் பெட்டியோடு வந்து வாசலில் நிற்கும்போது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவன் ஒருநாளும் கண்ணாடியில் பார்த்ததில்லை. இப்போது அந்தக் கண்களில் பார்த்தான்.

“வெய்யோ,” என்றாள் அவள், துவாரத்தின் வழியாக, வீட்டுக்குள் பேசும் சாதாரணக் குரலில். “இவர் காலைத் தப்புத் தப்பா வைக்கறார். மொதல்லருந்து சொல்லிக்குடுங்க.”

தகடு விழுந்தது.

பாட்டு நடுவிலேயே நின்றது. முதுகிலிருந்த கை ஒருமுறை பொறுமையாகத் தட்டிக்கொடுத்து, அவன் பாதங்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து நிறுத்தியது.