ஆளுக்குக் கொஞ்சம்

அந்த அம்மாள் 'ங்க'வை விழுங்கிவிட்டாள்.

போன முறைவரை "மேடம், இப்ப வரலாமா, உங்களுக்குத் தொந்தரவு இல்லையே" என்று குழைந்துகொண்டிருந்தவள், அன்று கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, நகைக்காரியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்றாள்.

சாப்பிட்டீங்களா இல்லை. சாப்பிட்டியா.

நகைக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. அவளை ஒருமையில் கூப்பிடும் உரிமை உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு. அவன் அதோ மூலையில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தான். ராட்சசி என்பான், ஏ பிசாசே டீ ஆறுது பார் என்பான், அதைக் கேட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள், சித்தி, மாமா என்று ஒட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் கத்தரித்துப் போட்டுவிட்டு இவன் ஒருவனோடு கிளம்பி வந்தவள் அவள். மற்ற ஜனம் எல்லாம் மேடம் என்று சொல்லிவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டியது.

"சாப்பிட்டாச்சு. உங்களுக்கு என்ன வேணும்?" என்று வெட்டினாள்.

"ஒண்ணும் வேணாம். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்த அம்மாள் கழுத்தில் கிடந்த டாலரைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துக்கொண்டே நின்றாள். நகைக்காரியின் இடது கன்னம் நமநமத்தது. போகிறபோது கதவருகே திரும்பி, "கன்னம் ஒட்டிப்போச்சு. நேரத்துக்குத் தின்னு" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

"என்ன ராட்சசி, புதுசா ஒரு அம்மா கெடச்சாச்சா?" என்று சிரித்தான் புருஷன்.

"நீ வேற. பொண்ணு செத்ததுல அதுக்கு மூளை கலங்கிடுச்சு."

கள்ள அறை வைத்த நகை செய்வதுதான் அவள் தொழில். வெளியே பார்த்தால் சாதாரண டாலர், சாதாரண மோதிரம். பின்பக்கம் ஓரிடத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் டிக்கென்று ஒரு மூடி திறக்கும், உள்ளே அரிசி அளவுக்கு இடம் இருக்கும். செத்துப்போனவர்களின் தலைமுடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார்கள், கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவார்கள், ஒரு மகராசன் மொத்தப் பின்னலையும் பாலித்தீன் பையில் கொண்டுவந்து நின்றான். "உள்ள இடம் அவ்வளவுதாங்க. சின்னதா நறுக்கினாத்தான் அடங்கும்" என்று எல்லாரிடமும் ஒரே பாட்டைப் பாடுவாள். அவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டுவார்கள்.

அவளுக்கு அவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். உயிரோடு இருந்தபோது ஒரு நாள் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டிருப்பார்களா? செத்த பிறகுதான் பாசம் பொத்துக்கொண்டு வரும். "எல்லாம் வெறும் மயிருய்யா" என்பாள் புருஷனிடம், இரண்டு அர்த்தத்திலும்.

முதல் முறை நடந்தது தற்செயல்தான். கணக்கு வாத்தியார் ஒருவர் தன் மனைவியின் முடியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நோயில் கிடந்த முடி, தும்பு மாதிரி வறண்டு, மருந்து நாற்றம் அடித்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் மின்விசிறிக் காற்றில் பறந்து தரையெல்லாம் சிதறிவிட்டது. குனிந்து பொறுக்குவதாவது! தன் பின்னலின் நுனியில் கத்தரியால் ஒரு வெட்டு, நூல் போல ஒரு முறுக்கு, மோதிரத்துக்குள் வைத்து ஒரு அழுத்து. அவளுடைய முடி கன்னங்கரேலென்று தடிமனாக, சொன்னபடி கேட்கும் முடி. மறுநாள் வாத்தியார் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அவளேதான். அவ எண்ணெய் வாசனைகூடப் போகல" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் உள்ளறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அதற்குப் பிறகு காற்றின் தயவு தேவைப்படவில்லை. வந்த பொட்டலம் எல்லாம் நேரே குப்பைக்கூடைக்குப் போனது. பஸ் டிரைவர் ஒருவர் கொண்டுவந்த பச்சைக் குழந்தையின் முடி, இந்த அம்மாளின் மகள் முடி, எவன் எவனுடைய அக்கா, தாத்தா, தங்கை முடியோ எல்லாம் குப்பைக்குப் போக, நகைகளுக்குள் போனதெல்லாம் அவளுடைய பின்னல்தான்.

"ஊர்ல பாதிப் பேரு என் மயிரக் கழுத்துல மாட்டிக்கிட்டு அழறாங்கய்யா" என்று ஒரு நாள் புருஷனிடம் சொன்னபோது, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு என்ன நினைத்தானோ, "பாவம்டி" என்றான். பாவமாம்.

கன்னத்தில் நமநமப்பு அந்த அம்மாள் போன பிறகும் போகவில்லை. கடையில் உட்கார்ந்து மூடிக்குக் கீல் பொருத்திக்கொண்டிருக்கும்போது, யாரோ கட்டைவிரலால் கன்னத்தை நீவுவது போல, காதோரத்திலிருந்து வாயோரம்வரை இழுத்துவிடுவது போல, நிதானமாக, பழகின கை போல, வந்துகொண்டே இருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக் குளியலறையில் சோப்பு நுரையோடு நின்றபோது நெற்றியில் ஈரமாக ஒரு முத்தம் விழுந்தது, இருமல் மிட்டாய் வாசனையோடு. தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாலும் அந்த வாசனை மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை. இன்னொரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, உடம்பு முழுவதையும் ஒரு பெரிய உள்ளங்கை பொத்திக்கொண்டது போல வெதுவெதுப்பாக இருந்தது, வியர்வையும் டீசலும் கலந்து நாறியது. மூச்சு முட்டி எழுந்து ஓடி ஜன்னலைத் திறந்தாள். அலர்ஜி, என்று சொல்லிக்கொண்டாள். கண்ட கண்டவர்கள் வந்து போகிற கடை, எதுதான் ஒட்டாது?

மருந்துக்கடைக்குப் போகிற வழியில் வாத்தியார் எதிரே வந்தார். வணக்கம் சொல்வார் என்று பார்த்தால், குடையை அவள் தலைக்கு மேல் பிடித்து, "ஏ, உனக்கு வெயில் ஆகாதுன்னு தெரியும்ல? வீட்டுக்கு வா" என்றார். மோதிரவிரலைச் சட்டைமேல் தேய்த்தபடியே சொன்னார். அவர் வாயில் இருமல் மிட்டாய் கடகடவென்று உருண்டது.

அவள் விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் வந்த பஸ், நிறுத்தமே இல்லாத இடத்தில் அவள் பக்கத்தில் நின்றது. டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவர் கழுத்துச் சங்கிலியில் அவள் செய்த டாலர் ஆடியது.

"பாப்பா," என்றார். "ஏறும்மா. அப்பா மெதுவா ஓட்டுறேன்."

அவளுக்கு நாற்பது வயது. அந்த ஆளுக்கு அதுகூட இருக்காது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் அவளையே பார்த்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் தலை வாரும்போது சீப்பில் ஒரு நரைமுடி வந்தது. வயதாகிறது, நரைக்காதா என்று உருவிப் போட்டாள். அடுத்து வந்தது பழுப்பாக, விரலில் பட்டும் படாமலும், பச்சைக் குழந்தையின் முடி போல இருந்தது. அதற்கடுத்தது நீளமாக, வறண்டு, தொட்டதும் உடைந்தது. மருந்து நாற்றம் அடித்தது.

கல் பதிக்கும்போது கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்தாள். வகிடு வகிடாகப் பிரித்தாள். சுருட்டை. நரை. செம்பட்டை. எண்ணெய் காணாதது. சாயம் பூசியது. எல்லாம் அவள் தலையில்தான் வேர்விட்டிருந்தது. இழுத்தால் வலித்தது.

கறுப்பு முடி ஒன்றுகூட இல்லை.

"டீ ஆறுதுங்க" என்றான் புருஷன், வாசலில் நின்று.

கிண்டல் செய்கிறான் என்று நினைத்தாள். "என்னய்யா புது மரியாதை?" என்று திரும்பினாள். அவன் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, யோசிக்கிறவனைப் போல நின்றான். "ரா..." என்று ஆரம்பித்தான். அந்தச் சொல் வாயில் எங்கேயோ தொலைந்துபோனது போல உதட்டைக் கடித்தான். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான், விருந்தாளி அறையைச் சாத்துவது போல.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. இந்த அழுமூஞ்சிகள் தடவினால் தடவிக்கொண்டு போகட்டும். இவன் போய்விட்டால்? அவளை அவளாகத் தெரிந்தவன் இவன் ஒருவன்தானே. ஊருக்கெல்லாம் அவளை வெட்டிக் கொடுத்தாகிவிட்டது, இவன் கையில் மட்டும் அவளுடையது ஒன்றுமே இல்லை.

அன்றே உட்கார்ந்து அவனுக்கு ஒரு மோதிரம் செய்தாள். அவசரத்தில் மூடியை இரண்டு தடவை பிரித்துப் பொருத்த வேண்டியிருந்தது. அறை தயாராகிவிட்டது. உள்ளே வைக்கத்தான் அவள் முடி இல்லை. பழைய சீப்பு, தலையணை, குளியலறைச் சாக்கடை எல்லாவற்றையும் துழாவிப் பார்த்தாள். அவளுடைய முடி அவர்கள் கழுத்தில்தான் இருந்தது.

ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள். டாலரை, மோதிரத்தைக் கொண்டுவாருங்கள், சும்மா பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றாள். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள், ஒரே பிரியத்தோடு.

"நாங்களே வரலாம்னுதான் இருந்தோம்."

விடுமுறை நாள் மத்தியானம். தெருவில் வெயில் கொட்டிக்கிடந்தது. உள்ளறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு திறந்தது. மூடியது. திறந்தது. செருப்புகள் கழற்றப்படும் ஓசை. நாற்காலிகள் நகரும் ஓசை. பேச்சே இல்லை. இருமல் மிட்டாய் வாசனை, டீசல் வாசனை, முகப்பவுடர் வாசனை, எல்லாம் திரைச்சீலைக்கு அடியில் ஊர்ந்து வந்தன. கன்னத்தில் கட்டைவிரல். நெற்றியில் முத்தம். தலைமேல் ஒரு கை, இன்னொரு கை.

எத்தனை முட்டாள்கள், என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். நகையை வாங்கு. மூடியைத் திற. ஒரே ஒரு முடியை எடு. அவ்வளவுதான்.

திரையை விலக்கினாள்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"பாப்பா."

"அக்கா."

"ஏ, வந்துட்டியா."

"தங்கம்."

அவள் யாரையும் பார்க்காமல் மூலையைப் பார்த்தாள். புருஷன் பில் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் கடைக்கு வருகிறவர்களுக்கென்றே வைத்திருக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது.

"வாங்க, உக்காருங்க," என்றான் அவளிடம். "இவங்கல்லாம் உங்களத்தான் பாக்க வந்திருக்காங்க."

"யோவ்! நான்யா. என்னத் தெரியலையா உனக்கு?"

அவன் சங்கடத்தோடு அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தான். "உங்க பொண்ணாங்க?"

"என் சம்சாரம்," என்றார் வாத்தியார்.

"பாப்பா எனக்கு," என்றார் டிரைவர்.

சண்டை இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

"எல்லாருக்கும் வேணும்ல," என்றாள் அந்த அம்மாள். "ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கலாம்."

டிக்.

டிக். டிக். டிக்.

மூடிகள் திறந்தன. கழுத்திலும் விரலிலும் மணிக்கட்டிலும். ஒன்றில்கூட முடி இல்லை. அவள் தன் கையால் இழைத்துப் பளபளப்பேற்றிய அறைகள், துடைத்துவைத்தது போல, காலியாக, அவளைப் பார்த்துத் திறந்திருந்தன.

இதெல்லாம் வெறும் மயிர், போங்கடா வெளியே, என்று கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அந்த அம்மாள் அருகில் வந்து முகவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேம்மா," என்றது அவள் வாய், அவள் கேட்டறியாத ஒரு சின்னப் பெண்ணின் குரலில்.

புருஷன் உள்ளறைக்குப் போனான். அவளுடைய தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். அதில் கத்தரி, இடுக்கி, தகடு அறுக்கும் மெல்லிய ரம்பம் எல்லாம் வரிசையாக இருந்தன. கைகளைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்து, பணிவாக, அவள் தினமும் பாடுகிற அந்தப் பாட்டைப் பாடினான்.

"உள்ள இடம் அவ்வளவுதாங்க. சின்னதா நறுக்கினாத்தான் அடங்கும்."

அந்த அம்மாள் தலையாட்டினாள். நகைக்காரியின் முடியைத் தொடவில்லை. அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக, ஆசையாக, நீவிப் பார்த்தாள்.