வருது மாமா

செல்வகுமார் இன்னும் வால்வைத் திறக்கவே இல்லை. அதற்குள் கீழேயிருந்து "வருது மாமா" என்று பதில் வந்துவிட்டது.

மொட்டைமாடித் தொட்டியின் பக்கத்தில் குந்தியிருந்தவன், வால்வின்மேல் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். தொட்டியிலிருந்து குளியலறைகளுக்குப் போகும் பைப்புகள் எல்லாம் கட்டடத்தின் பின்பக்கச் சந்தில் இறங்குகின்றன. மேலே இருப்பவன் "வருதா" என்று கேட்பதும், கீழே இருப்பவன் "வருது", "வரல" என்று சொல்வதும் அந்தச் சந்து வழியாகத்தான். அவன் பிழைப்பே இந்தக் கேள்வியும் பதிலும்தான். ஹெல்ப்பராகக் கீழே நின்று பதில் சொன்னவன், பிளம்பர் ஆனதும் மேலே ஏறிக் கேள்வி கேட்டான். காண்ட்ராக்டர் ஆகி விசிட்டிங் கார்டு அடித்த பிறகும், ஆள் வராத நாளில் தானே கேட்டுவிட்டுத் தானே ஓடிப்போய்ப் பார்ப்பான். உத்தியோக உயர்வு என்றால் அவ்வளவுதான்.

ஆனால் இப்போது அவன் கேட்கவே இல்லையே.

சுரங்கத் தொழிலாளர்கள் இருந்து, இப்போது காலியாகக் கிடந்த பழைய குவார்ட்டர்ஸ் அது. துருப்பிடித்த பைப்பைக் கழற்றிவிட்டுப் புதிது போடும் வேலை. கொடுத்த பெரிய காண்ட்ராக்டர் பேரமே பேசவில்லை. அதுவே அவனுக்கு உறுத்தல்தான். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவன் அவன். ஒரு கட்டுக் கீரைக்கு வாய் வலிக்கப் பேசுகிற ஊர். சொன்னதைச் சொன்னபடி ஒருவன் ஒத்துக்கொண்டால் சரக்கில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். கீழேயிருந்து வந்த பதிலும் அந்த ஜாதிதான். கேட்பதற்கு முன்பே தலையாட்டுகிற பதில்.

இறங்கி வந்தான். அவனுடைய மச்சினன் அறிவழகன் வாசலில் பைக்கை ஒட்டி உட்கார்ந்து பைப் அறுத்துக்கொண்டிருந்தான்.

"உள்ள யாருடா பதில் சொன்னது?"

"எந்த உள்ள? நான் அப்பத்துலேர்ந்து இத்த அறுத்துகினு இருக்கேன். உன் பிளேடு மொக்க மாமா. கல்யாணத்துக்கு முன்ன வாங்கினதா?"

"விளையாடாத மாப்ள. 'வருது மாமா'ன்னு உன் குரல்தான்."

"என் குரல் நல்ல குரலுன்னு நீயாவது ஒத்துக்கினயே. மலரு கேட்டா சிரிப்பா."

பைப் முக்கால்வாசி அறுந்திருந்தது. சிமெண்ட் தரையில் வெள்ளைத் தூள் குவிந்து கிடந்தது. எழுந்து போய்வந்தவன் அவ்வளவு அறுத்திருக்க முடியாது. செல்வகுமார் குளியலறைக்குள் போய்ப் பார்த்தான். குழாயின் வாயில் சிலந்தி கட்டிய வலை அறுபடாமல் இருந்தது. தரை காய்ந்து வெடித்திருந்தது. ஆனாலும் சுவருக்குள்ளிருந்து ஈர நிலக்கரி வாசனை வந்தது; மழையில் நனைந்த சுரங்க மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தால் வருமே, அந்த வாசனை.

அறிவழகன் இரண்டு வருஷம் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தவன். "அவன் மண்ணுக்குள்ள போவ, நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருக்க முடியாதுங்க. என் தம்பிய உங்ககூட வெச்சிக்கோங்க" என்று மனைவி வளர்மதி அழுததால்தான் செல்வகுமார் அவனைத் தன்னோடு அழைத்துக்கொண்டான். அடுத்த வாரம் அறிவழகனின் பெண்டாட்டி மலர்விழிக்கு வளைகாப்பு. தன் பொறுப்பில் இருக்கிற பிள்ளை என்ற நினைப்பில்தான் அவனுக்குத் தொழிலில் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தான்: மூடிக்கிடந்த தொட்டிக்குள் நான் பக்கத்தில் இல்லாமல் தலையை விடாதே. கெட்ட காற்று ஆளைக் கூப்பிடக்கூட விடாது. அப்படி இறங்கிய ஒருவனை வெளியே தூக்கிப் போட்டதை அவன் பார்த்திருக்கிறான். அந்த முகம் இன்றைக்கும் சாப்பாட்டுத் தட்டில் வரும்.

"நீ மேல போ. வால்வ மட்டும் தெற. வேற எதுலயும் கை வைக்காத."

"சரிங்க முதலாளி," என்று அறிவழகன் இழுத்துச் சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனான்.

செல்வகுமார் குளியலறையில் நின்றான். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த மதியம். ஜன்னல் கண்ணாடியில் சாம்பல் படிந்து, வெளியே நின்ற வேப்பமரம் வெறும் கறையாகத் தெரிந்தது. தூரத்தில் சுரங்கத்து நிலக்கரியைச் சுமக்கும் கன்வேயர் பெல்ட் ஓடும் இரைச்சல், பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு அவன் காதுக்கு மௌனமாகிப் போன இரைச்சல், இன்றைக்கு மட்டும் தனியாக, யாரோ பல்லைக் கடிப்பதுபோல, தரைக்கு அடியிலிருந்து கேட்டது. சுவரில் காதை வைத்தான். பைப்புக்குள் ஏதோ உரசியது. மேலிருந்து கீழாக இல்லை. கீழிருந்து மேலாக.

"மாமா, வருதா?"

அறிவழகன் குரல். சந்து வழியாகத் தெளிவாக வந்தது. குழாயில் ஒரு சொட்டு இல்லை. வரல என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"வருது," என்றது இன்னொரு குரல்.

அது அவன் குரல். கடைசி எழுத்தைக் கொஞ்சம் மென்று துப்புகிற அதே பேச்சு. சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

"இன்னும் தெறக்கட்டா மாமா?"

"தெற."

"அடச்சிகினு இருக்குபோல. தொட்டியில எறங்கிப் பாக்கட்டா?"

"எறங்கு மாப்ள."

எறங்காதடா என்று கத்தினான். வாய் திறந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. காற்று மட்டும்தான் வந்தது. மறுபடியும் கத்தினான். தன் காதுக்கே கேட்கவில்லை.

ஓடினான். படிக்கட்டு. கைப்பிடிச் சுவர் ஈரமாக இருந்தது. திருப்பம். மறுபடியும் படிக்கட்டு. மாடிக் கதவு.

தொட்டியின் இரும்பு மூடி பாதி விலகியிருந்தது. பக்கத்தில் கழற்றிவிட்ட செருப்பு எதுவும் கிடக்கவில்லை. உள்ளே இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை மேலே நீண்டது.

பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தொட்டிச் சுவரில் உதைத்து, பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தான். தலை வந்தது. தோள் வந்தது. அறிவழகனின் நீலச் சட்டை. முழுதாக வெளியே வந்து விழுந்தவனை அப்படியே கட்டிக்கொண்டான். குரலே இல்லாமல் திட்டினான். குரலே இல்லாமல் அழுதான். பிழைத்தான். வளர்மதி முகத்தில் விழிக்கலாம். பிள்ளை பிழைத்துவிட்டான்.

ரொம்பக் குளிர்ந்திருந்தது உடம்பு. நனைந்த மண் வாசனை அடித்தது. முகத்தில் ஒட்டியிருந்த முடியை விலக்கக் கை தூக்கினான்.

அப்போது தெருவிலிருந்து குரல் கேட்டது.

"மாமா, கோச்சிக்காத. மலரு போன் பண்ணா. பேசிகினே ரோட்டு முனைவரைக்கும் போயிட்டேன், மேல ஏறவே இல்ல. நீயே போயிட்டியா?"

செல்வகுமாரின் கை பாதியில் நின்றது.

அவன் கட்டிப்பிடித்திருந்ததற்கு மூச்சு ஓடவில்லை. நெஞ்சோடு நெஞ்சாக இருந்தும் ஒரு அசைவு இல்லை. விட்டுவிடப் பார்த்தான். அது விடவில்லை. குளிர்ந்த கை ஒன்று அவன் முதுகைச் சுற்றி இறுகியது.

"தொட்டியில எதனா வேல இருக்குதா? நான் வரட்டா?"

அது தலையைத் தூக்கியது. முடிக்குப் பின்னால் வாய் திறந்தது.

"வா மாப்ள," என்றது, செல்வகுமாரின் குரலில்.

"இதோ வந்துகினே இருக்கேன்."

வராதே. வாயைப் பிளந்தான். வராதடா. உதடு கிழிகிற அளவுக்குப் பிளந்தான். ஒன்றும் வரவில்லை.

படிக்கட்டில் செருப்பு தட்டுகிற சத்தம். அவசரமில்லாத சத்தம். கூடவே ஒரு சீழ்க்கை.

அவனை அணைத்திருந்தது, கன்னத்தோடு கன்னம் வைத்தபடியே, மற்றொரு கையை மெதுவாகப் பின்னால் நீட்டி, பாதி திறந்திருந்த இரும்பு மூடியை முழுவதும் தள்ளித் திறந்து வைத்தது.