ஒன்றரைக் கட்டை

அந்தமானில், ரங்கத் என்ற ஊரில் அப்பாவுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்ததாம். கதவைத் திறந்ததும் குப்பென்று பூஞ்சை நாற்றம். அதற்கடியில் லேசாக, வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் வாசனை. தன் வயலின் பெட்டியிலிருந்துதான் வருகிறது என்று அகிலா நினைத்துக்கொண்டாள்.

சென்னை இசைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்குப் போகவேண்டிய கப்பல் புயலால் ரத்தானது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒரே மூச்சில் வாசித்த வீடியோவை அனுப்பச் சொன்னார்கள். இதையும் விட்டால் பி.காம்.தான் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

தினமும் இரண்டு கட்டைக்குச் சுருதி சேர்ப்பாள். சாப்பிட்டு வந்தால் ஒன்றரைக்கு இறங்கியிருக்கும். கடல்காற்றில் தந்தி தளர்வது சகஜம். ஆனால் நாலும் ஒரே அளவுக்குத் தளர்ந்து, பிசிறில்லாமல் சேர்ந்திருக்குமா?

"அம்மா, வயலினத் தொட்டியா?"

"எனக்கெதுக்குடி அந்த வம்பு?"

பக்கத்து வீட்டு ராசம்மா குரலைத் தாழ்த்தினாள். "முன்ன இருந்தவங்க மகன் குணாவும் வாசிப்பான் பாப்பா. பாட்டு காலேஜு பரீட்சைக்கு டிக்கட்டெல்லாம் பக்கா. கப்பலேற நாலு நாள் இருக்கையில காய்ச்சல்ல போயிட்டான். நீ வாசிக்கிற ரூம்புலதான்."



வெள்ளி மாலை நாலரை. வெளியே அடைமழை. வயலின் மறுபடியும் ஒன்றரையில் இருந்தது. சேர்க்க நேரமில்லை. போனை எதிரே நிறுத்தி, தரையில் சம்மணமிட்டு, அதே சுருதியில் வர்ணத்தைத் தொடங்கினாள்.

வேகம் இரட்டிக்கும் இரண்டாம் காலத்தில் விரல்கள் மரத்து நின்றன.

வாசிப்பு நிற்கவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அப்படியொரு சுத்தம்! திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. நிறுத்தினால் கல்லூரி போச்சு. தந்தியில் படாமல் வில்லைச் சும்மா அசைத்தாள், வர்ணம் முடியும்வரை.

போட்டுப் பார்த்தபோது திரையில் அவள் மட்டும்தான் இருந்தாள். யாருக்குத் தெரியப்போகிறது? அனுப்பிவிட்டாள்.

பத்தாம் நாள் காலை பதில் வந்தது.

'வீடியோவில் இருவர் வாசித்திருக்கிறீர்கள். இடம் ஒருவருக்குத்தான். உங்கள் பின்னால் அமர்ந்து, தடுமாறாமல் வாசித்த தம்பியைத் தேர்வு செய்துள்ளோம். அவர் பெயரை உடனே அனுப்பவும்.'

"என்னடி போட்டிருக்கு?" அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

அகிலா வயலின் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

மூடியிருந்த பெட்டிக்குள், யாரோ தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.