இரண்டு குட்டிகளும் ஒரு கிங் கேக்கும்

"வெர்னா மேடம், நாளைக்கு என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க" என்றபடி திருவிழாக்கால 'கிங் கேக்' பெட்டியை மேசைமேல் வைத்தாள் நொயெல்லா. அழுதழுது கண்கள் சிவந்திருந்தன. லூசியானாவின் அந்தக் குரங்குப் பண்ணையில் குட்டிகளின் தொடையில் எண் பச்சை குத்தி, மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுப்பவள் அவள்தான். தனி ஆளாய் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள், பாவம்.

பண்ணை மருத்துவர் வெர்னா கிட்ரி பதறாமல் காப்பியைக் கலக்கினார். பக்கத்தில் டெஸ்மண்ட். எந்தக் குரங்கு எதன் குட்டி என்று கோடு போட்டுக் காட்டும் வம்சாவளி வரைபடத்தைக் கணினியில் பராமரிப்பவன். துப்பறிவது என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

சிக்கல் அவன் வரைபடத்தில்தான் முளைத்தது. மனிதர்களின் பார்வையைப் பறிக்கும் ஒரு நோய்க்கு எந்த மரபணு காரணம் என்று, அதே நோய் வரும் குரங்குக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேடி வருகிறார்கள். அதில் மேபல், பியர்ல் என்று இரண்டு தாய்க்குரங்குகள். மேபலின் குட்டிக்கு பியர்லின் மரபணு. பியர்லின் குட்டிக்கு மேபலுடையது. இரண்டு குட்டிகளும் போன ஏப்ரலில், புயலடித்த அன்று ஒரே கொட்டகையில் பிறந்தவை.

"ரத்தக் குப்பியை எவனோ வேணும்னே மாத்திட்டான்!" என்று துள்ளினான் டெஸ்மண்ட்.

"அடங்குப்பா" என்றார் வெர்னா. "நானே மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துட்டேன். அதே பதில்தான்."

"அப்போ பச்சை குத்தின எண்ணு?"

"அதுவும் சரி. எந்தக் குட்டி எந்தத் தாய்கிட்டன்னு நொயெல்லா பதிஞ்சாளோ, அதே தாய்கிட்டதான் இன்னிக்கும் பால் குடிக்குது."

"ஐயோ, அப்போ நான்தான் குட்டிங்களை மாத்திக் குடுத்தேன்னு ஆயிடுமே!"

"ஆகும். சந்தேகமே இல்ல" என்ற குரல் வாசலில் கேட்டது. இயக்குநர் ஹோல்டன். "கேக் குடுத்து இவங்களைச் சரிக்கட்டப் பாக்குறியா? வருஷக்கணக்கான உழைப்பும்மா!" என்று சீறினார். சீறினாலும், டெஸ்மண்ட் நீட்டிய துண்டை மறுக்கவில்லை.

"பச்சை குத்தின அன்னிக்கு நீங்களும் இருந்தீங்கல்ல?" என்றார் வெர்னா. "முடிச்சதும் என்ன செஞ்சீங்க?"

"அஞ்சு மாசக் குட்டிங்க. எல்லாத்தையும் ஒண்ணா முற்றத்துல திறந்துவிட்டோம். அடேயப்பா, என்ன ஓட்டம்! கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அதது அம்மா மடியில."

"நொயெல்லா யார் கையிலயாவது குட்டியைக் குடுத்தாளா?"

"இல்ல... தானாதான் ஓடிச்சு." அவர் குரல் இறங்கியது.

"ஓடிச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அஞ்சு மாசக் குட்டிக்கு அம்மா யாருன்னு தெரியாதா? மேபல்கிட்ட ஓடின குட்டிக்கு மேபல்தான் அம்மான்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. அப்படின்னா மாறினது அதுக்கும் முந்தி. தாய்க்கே குட்டி முகம் பிடிபடாத முதல் நாள்."

"புயல்!" என்று கத்தினான் டெஸ்மண்ட்.

"அதேதான். கொட்டகை பூரா கூட்டம், இடி, கூரை பறக்குற சத்தம். ரெண்டு தாயும் பெத்த பிள்ளையை அந்தக் கலவரத்துல தவறவிட்டு, கைக்குக் கிடைச்சதை அள்ளி அணைச்சிருக்கு. மனுஷங்க யாரும் எதையும் மாத்தல."

நொயெல்லா முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். ஹோல்டன் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "சரி, நொயெல்லா மேல தப்பில்ல. ஆனா நாளைக்கே குட்டிகளைப் பெத்த தாய்கிட்ட மாத்திடுங்க."

"வேணாம் சார்!" நொயெல்லா விருட்டென்று நிமிர்ந்தாள். "பிச்சு எடுத்தா அதுங்க தாங்காது சார். என்னை வேணா அனுப்பிடுங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்த ஹோல்டன், "ஆ!" என்று கன்னத்தைப் பிடித்தார். கிங் கேக்குக்குள் வழக்கமாக ஒளித்து வைக்கும் குட்டிக் குழந்தைப் பொம்மை அவர் பல்லில் மாட்டியிருந்தது.

டெஸ்மண்ட் சிரித்தேவிட்டான். வெர்னா சிரிக்கவில்லை. "உங்க துண்டுல வந்துச்சு, அதனால உங்களோடது. பேக்கரியில போய் இது யாருதுன்னு விசாரிப்பீங்களா? வரைபடத்துல ரெண்டு கோட்டை மாத்தினா போதும் சார். மடியை மாத்த வேணாம்."

ஹோல்டன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மேபல் தன்னிடம் வளரும் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. குட்டி சொகுசாகக் கண்மூடிக் கிடந்தது. பிறகு பொம்மையைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பொம்மை வந்தவன்தானே அடுத்த கேக் வாங்கணும்? எனக்கு நல்ல கடை எதுவும் தெரியாது" என்று வாசலுக்கு நடந்தார். "டெஸ்மண்ட், அந்த ரெண்டு கோட்டை மட்டும் மாத்து. நாளைக்கு வேலைக்கு வந்ததும் கடையைச் சொல்லு, நொயெல்லா."