ஒற்றைக் கொம்பில் தொங்கிய தலை

பங்குனி மாதத்துப் பௌர்ணமி. மேற்கே பொதிகைச் சிகரங்களுக்குப் பின்னால் கதிரவன் மறைந்துகொண்டிருந்த அதே வேளையில், கிழக்கே பனங்காட்டுக்கு மேல் முழுமதி எழுந்து, பொருநை நதியின் நீர்ப்பரப்பில் ஒரு பாதி பொன்னாகவும் மறு பாதி வெள்ளியாகவும் மின்னும்படி செய்துவிட்டது. தென்கரையில் செந்தேரிக் கோட்டையின் மதில்கள் கறுத்து நின்றன. வடகரையில், செம்மணல் மேடுகளின்மேல், மறுநாள் போருக்குப் புறப்படவிருந்த மன்னர் மானவல்லபரின் பாசறை விரிந்து கிடந்தது. இந்த எழிலையெல்லாம் பாட வல்ல ஒரே மனிதர், கையில் விலங்கோடு, நதியின் நடுவே ஒரு படகில் போய்க்கொண்டிருந்தார்.

அவர்தாம் உடையநம்பிக் கவிராயர். செந்தேரி நாட்டில் எழுத்தறிந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் மணலில் விரல் தேய்த்தவர்கள். பாசறையில் விளக்கேற்றும் நேரத்தில் அவருடைய தலை மண்ணில் உருள வேண்டும் என்பது அரச கட்டளை. அவரை அழைத்துச் சென்றவரோ படைத்தலைவர் தென்னவதரையர். அவரும் கவிராயரிடமே முப்பதாவது வயதில் எழுத்துக் கற்றவர்!

நாடறிந்த வீரர் அந்த வயதில் எழுத்தாணி பிடித்தது எதற்காக என்று வாசகர்கள் வியக்கலாம். மன்னரின் தமையன் மகளான இளவரசி வடிவுடைநாச்சி எழுதும் பாடல்களை, பிறரிடம் கேளாமல் தாமே படித்துவிட வேண்டும் என்ற ஆசைதான் காரணம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் கவிராயருக்குத் தெரியும். காதலுக்காக எழுத்துக் கற்பவன் எந்த எழுத்தில் விரலைத் தயங்க விடுவான் என்பது ஆசிரியருக்குத் தெரியாமல் போகுமா?

"தளபதியாரே! விலங்கு தளர்வாக இருக்கிறதே. ஆற்றில் குதித்துவிடுவேன் என்ற அச்சம் இல்லையோ?" என்றார் கவிராயர்.

"இந்த வேளையிலும் பரிகாசமா, ஐயா?" என்றார் தளபதி. "நீங்கள் இளவரசிக்கு அனுப்பிய ஓலையைத் தோழியின் கையிலிருந்து என் காவலன் பிடுங்கினான். பாதி ஒடிந்து அவளோடு அந்தப்புரத்துக்குள் போய்விட்டது. எஞ்சிய பாதியை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'வேந்தர் குலக்கொடியே கொலை மறவாது கொள்' என்றிருந்தது. நாளை மன்னர் போருக்குப் போகுமுன் இளவரசியிடம் செங்கோலை ஒப்படைக்கப் போகிறார். இன்று அவரிடம் கொலையை மறக்காதே என்கிறீர்கள்! நான் உண்ட சோற்றுக்கு என்ன செய்ய வேண்டுமோ, அதைச் செய்தேன்."

"கொலை இல்லை ஐயா, கோலை! கோலை!" என்று கவிராயர் விலங்கைக் குலுக்கினார்.

படகோட்டியின் துடுப்பு தண்ணீரில் தப்பி அடித்தது. முண்டாசும் போர்வையுமாக முகம் தெரியாமல் அமர்ந்திருந்த அந்த ஆள், "காத்து மாறிட்டு சாமி, அசையாம இருங்க" என்று முணுமுணுத்துவிட்டு மீண்டும் வலித்தான்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று நாம் சுழித்த கொம்பு போட்டு 'கோ' என்றும், சுழிக்காத கொம்பு போட்டு 'கொ' என்றும் எழுதுகிறோம். அக்காலத்து ஏட்டில் இரண்டுக்கும் ஒரே கொம்புதான். இடம் பார்த்து நீட்டுவதோ குறுக்குவதோ படிப்பவர் பாடு. செங்கோலை மறவாதே என்று ஆசிரியர் சொன்ன அறிவுரை, அந்தப் பாழாய்ப்போன கொம்பினால் கொலையாகிவிட்டது!

பாசறையில் மன்னர் மானவல்லபர் உறங்காத கண்களோடு வீற்றிருந்தார். தமையன் போர்க்களத்தில் மாண்டபின் அவர் மகளைத் தம் மகளாகவே வளர்த்தவர் அவர். அந்தப் பெண்ணே தம்மைக் கொல்லத் துணிந்தாள் என்ற எண்ணம் அவரை ஒரே நாளில் கிழவராக்கியிருந்தது. அவளுடைய முகத்தில் விழிக்கமாட்டேன் என்று கன்னிமாடத்தைப் பூட்டச் சொல்லியிருந்தார்.

"கோலை என்றுதான் எழுதினீர் என்கிறீர். எழுத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருக்கிறது. சாகப்போகிறவர் வேறு எப்படிப் படிப்பார்?"

"மன்னவா, முழு வெண்பாவையும் சொல்கிறேன். கேட்டால் தங்களுக்கே விளங்கும்."

"நின்ற நிலையில் நூறு பாட்டுக் கட்டுகிறவர் நீர். இப்போது புதிதாக மூன்று அடி கட்டமாட்டீரா? ஒடிந்த பாதி ஓலை வந்தால் நம்புவேன். அதை ஒளித்ததே குற்றத்துக்குச் சாட்சி. விளக்கை ஏற்றுங்கள்!"

பணிமகன் திரியைக் கொளுத்தினான். தலையை வெட்ட நின்ற வீரன் வாளை உருவினான். கவிராயர் கண்களை மூடினார். அவருக்கு உயிர்மேல் ஆசை இருந்தது. கற்றுக்கொடுக்க இன்னும் எத்தனையோ இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாம் இறந்தால் அந்தப் பெண்ணின் மேல் விழும் பழி என்றும் நீங்காதே என்று அவர் நெஞ்சு பதைத்தது.

"நில்லுங்கள்! இதோ அந்தப் பாதி!"

கூவியவன், கரையிலிருந்து பின்தொடர்ந்து வந்திருந்த படகோட்டி! காவலர்கள் பாய்ந்து பிடிக்குமுன் அவன் மன்னரின் காலடியில் ஓர் ஓலைத் துண்டை வைத்துவிட்டான். மன்னர் இரு துண்டுகளையும் விளக்கருகே பிடித்துப் பொருத்தினார். ஒடிந்த நாரோடு நார் பிசகாமல் சேர்ந்தது.

"தென்னவதரையரே! பழி சொன்னவர் நீர். முழுவதையும் நீரே படியும்!"

தளபதி ஓலையை வாங்கினார். அவருக்கு எழுத்துதான் புதிது, தாளம் புதிதன்று. இருபது ஆண்டுகள் போர்முரசுக்குக் கால் வைத்து நடந்தவர் ஆயிற்றே! உறையிட்ட வாளின்மேல் விரலால் தட்டிக்கொண்டே, தயங்கித் தயங்கிப் படித்தார்.

"காலை எழுந்து கடன்முடித்து நல்லறத்தால்
மாலை வரைகுடிக்குத் தண்ணிழலாம் – சோலையாய்
வேலைத் துறந்தாலும் வேந்தர் குலக்கொடியே
கொலை..."

விரல் நின்றது. மீண்டும் 'வேலை' என்று தொடங்கி வந்தார். மீண்டும் அதே இடத்தில் விரல் இடறியது.

"என்ன, படியும்!"

"மன்னவா... நடை தட்டுகிறது. காலை, மாலை, சோலை, வேலை என்று நீண்டு நீண்டு வந்த வரிசையில் இது மட்டும் நொண்டுகிறது. காலை, மாலை, சோலை, வேலை..." தளபதி ஓலையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "கோலை! கோலை மறவாது கொள்! ஐயோ, கவிராயரே, கோலைதான்! என் வாயாலேயே உங்களைக் கொன்றிருப்பேனே!"

பாசறை முழுவதும் ஒரே மூச்சில் பெருமூச்சு விட்டது. மன்னர் எழுந்து வந்து தம் கையாலேயே விலங்கைக் கழற்றினார். அதுவரை அசையாமல் நின்ற கவிராயர் விலங்கு பட்ட கைகளைத் தேய்த்துக்கொண்டார். மணலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"படகோட்டி, உனக்கு என்ன வேண்டும்? கேள்" என்றார் மன்னர்.

"என்னைச் சந்தேகித்ததற்காகச் சிறிய தந்தையார் ஒருமுறை வருந்தினால் போதும்" என்ற குரலில் ஆற்றங்கரைப் பேச்சு மாயமாகியிருந்தது. முண்டாசு அவிழ்ந்தது. நிலவொளியில் நீண்ட கூந்தல் சரிந்தது. துடுப்பு வலித்துக் கொப்பளித்த கைகளோடு நின்றவள் இளவரசி வடிவுடைநாச்சியேதான்!

"மகளே! மாடத்தைப் பூட்டச் சொன்னேனே!"

"கதவைத்தான் பூட்டினார்கள், தந்தையே. சாளரம் ஆற்றைப் பார்த்து இருக்கிறது."

மன்னர் அவளை மார்போடு அணைத்துக்கொண்டார். ஒரு நாள் முழுவதும் நெஞ்சில் கிடந்த பாறை உருண்டுபோன ஆறுதலில், படைவீரர் அனைவரும் பார்க்க அழுதார். பிறகு தளபதியின் பக்கம் திரும்பினார். "பொய்ப்பழி சாட்டியவருக்கு என்ன தண்டனை, கவிராயரே? நீரே விதியும்."

"தளபதி பொய் சொல்லவில்லை, மன்னவா. பாதி கற்றவர் அவர். எழுத்தைக் கொடுத்துவிட்டு, யாப்பைக் கொடுக்காமல் பாதியில் விட்டவன் நான். குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அவர் போருக்குப் போகட்டும். திரும்பும்போது தளை தட்டாத ஒரு வெண்பாவோடு வரட்டும். அதுவே தண்டனை."

தென்னவதரையர் உறைவாளை அவிழ்த்து இளவரசியின் முன் மணலில் வைத்தார். களத்தில் எந்தப் பகைவன் முன்னும் குனியாத தலை குனிந்திருந்தது.

"நாச்சியாரே! தங்கள் மீது பழி சொன்ன நாவு இது. குற்றமற்ற ஒரு வெண்பா எழுதும்வரை தங்கள் திருமுன் நிற்கமாட்டேன். வேறொரு பெண்ணின் மாலைக்கும் என் கழுத்தை நீட்டமாட்டேன். இது இந்த வாளின்மேல் ஆணை!"

இரண்டாவது ஆணை எப்படித் தம் வாயிலிருந்து நழுவியது என்று தளபதிக்கே தெரியவில்லை. கவிராயர் அவசரமாக நிலவைப் பார்க்கத் தொடங்கினார். இளவரசி குனிந்து வாளை எடுத்து, கொப்பளித்த கையாலேயே அதை அவரிடம் நீட்டினாள்.

"நான்கு அடியும் தாங்களே எழுதினால் நெடுநாள் ஆகும், தளபதியாரே. மூன்றடி எழுதிக்கொண்டு வாருங்கள். ஈற்றடியை நான் எழுதிக்கொள்கிறேன்."