மூன்றாவது வளைவு

செல்வகனி அந்தக் குளிர்காலத்தில் முந்நூற்றுப் பதினொன்றாவது முறையாக விழுந்தபோது ஜெனோவா விழவில்லை.

கழுத்துப்பட்டி வழியாகப் பனி உள்ளே புகுந்து முதுகில் உருகி இறங்கியது. செல்வகனி அதைப் பொருட்படுத்தாமல் கிடந்தபடியே தலையைத் தூக்கி வலப்பக்கம் பார்த்தாள். தேவதாரு மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அதற்கு அப்பால் பக்கத்துச் சரிவில் ஒரு சிவப்புக் குல்லா, இழுத்த கோடு போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. அது திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாளும் பார்த்ததில்லை.

"விழுகை பதிவாயிற்று" என்றது அவள் அணிந்திருந்த படியுடை, காதருகே, பணிவாக.

மர்க்காட் பனிமலையில் இப்போது யாரும் பனிப்பலகை ஓட்டக் கற்றுக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். விடுதியில் படியுடை அணிந்து ஆறு மணிநேரம் உறங்குகிறார்கள். முழங்காலை எப்போது மடக்குவது, பலகையின் விளிம்பை எந்த நொடியில் மாற்றுவது என்று வேறொருவரின் உடல் கற்றதையெல்லாம் அந்த உடை இவர்களுடைய தசையிலும் நரம்பிலும் எழுதிவிடுகிறது. சனிக்கிழமை காலை, முந்தைய நாள் வரை பனியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள், மலையுச்சியிலிருந்து வளைந்து வளைந்து இறங்குகிறார்கள். இதற்கு உடல்படி என்று பெயர்.

அந்த வேறொருவர்தான் முதலுடல். முதலுடலுக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது. டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் பனி இளகும் வரை, ஒரு பருவம் முழுவதும் விழுந்து எழுந்தாக வேண்டும்.

முதலில் மலையில் பிறந்தவர்களைத்தான் முதலுடலாக வைத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. அவர்களுடைய உடல் குளிரைக் கண்டு சுருங்குவதில்லை. வெயிலில் வளர்ந்த உடம்பு எதற்குப் பயப்படும் என்று அதற்குத் தெரியாது. அந்தப் படியை ஏற்றிக்கொண்ட சென்னைக்காரர்கள் முதல் வளைவிலேயே கால் பிசகி உட்கார்ந்தார்கள். அதனால் நிறுவனம் தெற்கே வந்து, பனியே பார்த்திராத இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது. கோவில்பட்டி தீப்பெட்டி ஆலையில் தரச்சோதனை பார்த்த செல்வகனி ஒருத்தி. மணப்பாட்டுக் கடலில் அலைப்பலகை ஏறி வளர்ந்த ஜெனோவா இன்னொருத்தி. பருவத்தின் முடிவில் ஒருத்தியின் படிதான் வெளியே போகும்.

அந்த ஒருத்தி தானாக இருக்க வேண்டும் என்று செல்வகனி விரும்பினாள். வேறு எதையும் அவள் வாழ்க்கையில் இவ்வளவு விரும்பியதில்லை. பள்ளியில் அக்காவைக் காட்டி, ஆலையில் அடுத்த மேசைக்காரியைக் காட்டி, 'அவளப் பாத்துக் கத்துக்க' என்று கேட்டே இருபத்துநான்கு வயது ஆகியிருந்தது. ஒரே ஒரு தடவை, யாராவது தன்னைப் பார்த்துக் கற்க வேண்டும்.

அதற்கு அவள் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் உழைத்தாள். ஒவ்வொரு விழுகைக்கும் காரணம் குறித்தாள்: பனியின் தன்மை, வெளிச்சம் வந்த பக்கம், முன்காலில் இருந்த பாரம். மறுநாள் ஒரே ஒரு காரணத்தை மட்டும் மாற்றி இறங்கினாள். எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது, இது தேறாத பிள்ளையின் நோட்டுப் போலிருக்கிறதே என்று தோன்றும். மூடிவைப்பாள். மறுநாள் மறுபடி எழுதுவாள்.

ஜெனோவாவிடம் நோட்டு இல்லை. முதல் வாரத்திலேயே சரிவு அவளுக்கு வசப்பட்டிருந்தது.

இருவரும் மேலே போவது ஒரே கம்பிவட நாற்காலியில்தான். கால்களில் பலகை தொங்க, கீழே வெள்ளை நழுவ, ஜெனோவா ஏதாவது பாடிக்கொண்டே வருவாள். அடிவாரத்தில் நாற்காலியைப் பிடித்து நிறுத்தும் பணியாளர் அவளுக்கு மட்டும் வெல்லத் தேநீர் கொடுத்து அனுப்புவார். அதில் பாதியை ஜெனோவா இவளுக்குக் கொடுப்பாள். செல்வகனியால் பொறுக்க முடியாதது அந்தப் பாதிதான். எதிரியாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

"ஏட்டி கனி, நீ விழுறதக்கூட வரிசபோட்டுல்லா விழுத" என்றாள் ஜெனோவா ஒருநாள். "இன்னைக்கு என்ன, இடது முட்டியா?"

"வலது."

"நேத்து இடது. பாத்தியா, கணக்குச் சரியாத்தாம் வருது."

செல்வகனி சிரித்துவைத்தாள். பிறகு, பல நாட்களாக அடக்கிவைத்திருந்ததைக் கேட்டாள். "அந்த மூணாவது வளைவுல, மரம் விட்டுப்போன எடத்துல, என் சரிவு உனக்குத் தெரியும்லா? நான் எப்படி இறங்குதேன்னு பாத்துருக்கியா?"

ஜெனோவா உண்மையாகவே யோசித்தாள். "இல்லட்டி. அங்கன ஒரு மேடு இருக்கு பாத்துக்க, அலை மாதிரி தூக்கும். அதுல ஏறுனா வேற ஒண்ணும் தெரியாது."

அன்று மாலை முழுவதும் செல்வகனி அந்தப் பதிலை மென்றுகொண்டிருந்தாள். தன்னை மட்டமாக நினைத்திருந்தால்கூட ஒரு கணக்கில் சேரும். நினைக்கவே இல்லை. ஒரு மேட்டுக்குக் கிடைத்த கவனம்கூடத் தனக்குக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு மாலையும் எச்சம் களைதல் நடக்கும். உடல் கற்கும்போது வேண்டாததையும் சேர்த்தே கற்கிறது. மூக்கை உறிஞ்சுவது, பழைய காயத்தைக் காப்பாற்றிக்கொண்டு நடப்பது போன்றவை படியோடு ஒட்டிக்கொண்டு வரும். அவற்றுக்கு எச்சம் என்று பெயர். பர்வீன் அக்கா என்ற பொறியாளர் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, இது ஓட்டத்துக்குத் தேவையா என்று கேட்பார். முதலுடல் 'இல்லை' என்று சொன்னால் அதை அழித்துவிடுவார். இயந்திரத்தால் ஓர் அசைவின் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அசைந்தவர் சொல்வதுதான் காரணம். இந்த ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையில் நின்றது.

செல்வகனி பொய் சொல்லாதவள். குளிரில் அழுததால் வந்த மூச்சுத் திணறலைக்கூட அழுகை என்றே சொல்லி அழிக்க வைத்திருக்கிறாள். பிப்ரவரியில் ஒருநாள் பர்வீன் ஓர் அசைவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினார்.

"இது எல்லா இறக்கத்துலயும் வருதும்மா. மூணாவது வளைவுல தலை வலப்பக்கம் திரும்புது. தாடை இறுகுது. கை முஷ்டியாயிடுது. மூச்சு ஒரு நொடி நின்னுட்டு வருது. இது எதுக்கு?"

திரையில் தன்னுடைய உருவம் கம்பிக் கோடுகளாக நின்றது. முகம் இல்லை, ஆனாலும் அந்தக் கழுத்தின் வெட்டு எவ்வளவு அசிங்கமாக இருந்தது என்று செல்வகனிக்குத் தெரிந்தது. ஒரு சொல் போதும், அழிந்துவிடும். ஆனால் அந்தச் சொல்லை அறையிலிருந்த இன்னொரு நாற்காலிக்காரியின் காதுபடச் சொல்ல வேண்டும். தன் முறைக்காகக் காத்திருந்த ஜெனோவா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த எடத்துல ரெண்டு சரிவும் ஒண்ணு சேருதுல்லா அக்கா" என்றாள் செல்வகனி. "யாரும் குறுக்க வாராங்களான்னு பாப்பேன். பாதுகாப்புக்கு."

பர்வீனின் முகம் மலர்ந்தது. முதலுடல் ஒன்று தானாகவே பாதுகாப்புப் பழக்கம் வளர்த்துக்கொண்டதை இதுவரை கண்டதில்லை என்றார். அசைவை அழிப்பதற்குப் பதிலாக அழுத்தமாக்கி, எந்தச் சரிவிலும் மூன்றாம் வளைவில் தவறாமல் வரும்படி செய்தார்.

"பாரேன், கனி எவ்ளோ கவனம்" என்று ஜெனோவா ஒரு சுளையை நீட்டினாள்.

மார்ச்சில் சோதனை ஓட்டம் நடந்தது. ஜெனோவாவின் படியை ஏற்றிக்கொண்ட பத்துப் பேரும் தலைசுற்றி வாந்தி எடுத்தார்கள். அவள் எந்த வளைவையும் இரண்டு தடவை ஒரே மாதிரி எடுத்ததில்லை. அதனால் அவளிடமிருந்து படியெடுக்க எதுவும் இருக்கவில்லை. செல்வகனியின் படி ஏறிய பத்துப் பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இறங்கிவந்தார்கள்.

முடிவு தெரிந்ததும் செல்வகனி நேராக ஜெனோவாவைத் தேடிப் போனாள். அந்த முகத்தில் ஒரு சுருக்கம், ஒரு நொடி தாமதம், அது போதும் என்று இருந்தது. ஜெனோவா அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"நல்லதாப் போச்சுட்டி. என்னைய இங்கயே பயிற்றுநரா வச்சுக்கிடுதாங்களாம். எனக்கு மலைதாம் வேணும்."

வெற்றி பெற்ற அன்றும் செல்வகனிக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த கட்டிலில் ஜெனோவா தூங்கினாள்.

அடுத்த பிப்ரவரியில் நிறுவனம் செல்வகனியைச் சிறப்பு விருந்தினராக மர்க்காட்டுக்கு அழைத்தது. அதற்குள் நாற்பதாயிரம் பேர் அவள் படியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நுழைவாயிலில் ஆளுயரப் படம். மலையைப் பார்க்க அவளுக்கு அவசரம்.

அவள் விரும்பியது கண்முன்னே இருந்தது. சரிவு நிறைய ஆட்கள், எல்லாரும் அவளைப் போலவே முழங்கால் மடக்கி, அவளைப் போலவே விளிம்பு மாற்றி இறங்கினார்கள். முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது வளைவில் அத்தனை தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வலப்பக்கம் வெட்டின. அத்தனை கைகளும் முஷ்டியாகின.

அங்கே மரங்களுக்கு நடுவில் இப்போது யாரும் இல்லை. ஆகவே வலப்பக்கம் யார் இருந்தார்களோ அவர்களைப் பார்த்தார்கள். தாடை இறுகி, மூச்சு நின்று, கை மூடினால் மனம் சும்மா இருப்பதில்லை. அதற்கு ஒரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்கிறது. தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி உணவுக்கூடத்தில் தனித்தனி மேசையில் உட்கார்ந்திருந்தது. சேலத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி, யார் முதலில் இறங்கியது என்று மூன்றாவது நாளாகப் பேச்சு நிறுத்தியிருந்தார்கள். ஒரு தகப்பன் தன் பத்து வயது மகளின் வளைவைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் நன்றாகத்தான் இறங்கினாள். ஆனால் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. பக்கத்திலிருப்பவர் தங்கும்போது எப்படிப் போவது என்று இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தங்கினார்கள். இவ்வளவு நிரம்பிய பருவம் மர்க்காட்டில் இதற்குமுன் இருந்ததில்லை என்று மேலாளர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பர்வீன் மட்டும் குலுக்கவில்லை. தனியாக அழைத்துப் போய்க் கேட்டார்.

"அது பாதுகாப்புக்கு இல்ல, இல்லியா?"

செல்வகனி கீழே பார்த்தாள். "இல்லக்கா."

"புதுப் படியில எடுத்துடலாம். ஏறினவங்க உடம்புல இருக்கறத எடுக்க வழி இல்லம்மா." அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. யாரைப் பார்த்தாய் என்றுகூட.

அந்த மலையில் அந்த நோய் தொடாத ஒருத்தி இருப்பாள் என்று செல்வகனிக்கு நிச்சயமாகத் தெரியும். இந்த ஒரு தடவை பொறாமை இல்லாமல், தாகத்தோடு அவளைத் தேடினாள். பயிற்றுநர்களின் நீலச் சீருடையில், அதே சிவப்புக் குல்லாவோடு ஜெனோவா உச்சியில் நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். வா, இறங்குவோம் என்று மட்டும் சொன்னாள்.

பழையபடி இரண்டு சரிவிலும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவதில், பழக்கம் விடுமா, செல்வகனியின் தலை வலப்பக்கம் திரும்பியது.

மரங்களின் இடைவெளியில் ஜெனோவா தெரிந்தாள். மேட்டின்மேல் அவள் ஏறவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு, செல்வகனியின் வளைவை இம்மி பிசகாமல் எடுத்தாள். அடுத்த நொடி அவள் தலையும் வலப்பக்கம் வெட்டியது. அங்கே ஆளில்லாத பாறைதான் இருந்தது. அது போதவில்லை போலும். கழுத்து மெல்ல இந்தப் பக்கம் சுழன்றது. தாடை இறுக, கை மூட, ஜெனோவா அவளைப் பார்த்தாள்.

ஒரு குளிர்காலம் முழுவதும் செல்வகனி ஏங்கிய பார்வை. அது செல்வகனியின் சொந்தப் பார்வையேதான்.

அடிவாரத்தில் பலகையைக் கழற்றிக்கொண்டே ஜெனோவா சொன்னாள். பயிற்றுநர் எல்லாரும் ஒரே மாதிரி இறங்கிக் காட்ட வேண்டுமாம், அதனால் எல்லாருக்கும் படி ஏற்றியாக வேண்டும் என்று விதி வந்ததாம். மலையை விட்டுப் போக மனமில்லாமல் ஒப்புக்கொண்டாளாம். சொல்லி முடித்துவிட்டுச் சிறிது நேரம் பலகையின் விளிம்பில் ஒட்டியிருந்த பனியைச் சுரண்டினாள்.

"அன்னைக்கு நீ என்னையத்தானட்டி பாத்த?"

செல்வகனி தலையசைத்தாள்.

"ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல. யாரப் பாத்தாலும் நெஞ்சுக்குள்ள எரியுது. இத எப்படிட்டி நீ ஒரு பருவம் முழுக்கத் தாங்குன?"

அதில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். செல்வகனி எல்லாவற்றையும் நோட்டில் எழுதியவள். இதை மட்டும் எழுதியதில்லை. மன்னித்துக்கொள் என்று தொடங்கினாள். அதற்குள் கம்பிவட நாற்காலி வந்து நின்றது. பணியாளர் வெல்லத் தேநீரை இந்தத் தடவை செல்வகனியின் கையில் கொடுத்தார். படத்தில் இருப்பவள் அல்லவா.

அவள் ஏறி ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். ஜெனோவா தேநீரைப் பார்த்தாள். பிறகு, நீ போ, நான் அடுத்ததில் வருகிறேன் என்பதுபோலக் கையை அசைத்தாள்.

நாற்காலி மேலே போனது. பாதித் தூரத்தில் செல்வகனி திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த நாற்காலியில் ஜெனோவா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பாடவில்லை. முன்னால் போகிறவளை விட்டுக் கண் எடுக்காமல் வந்துகொண்டிருந்தாள்.